என் வீட்டுக்காரர் போகாத ஆப்பிரிக்கா

ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் தமிழ்க்கடைகள் இருக்கும் லா ஷப்பெலுக்கு முருங்கைக்காய் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் முருங்கைக்காய்க்காக வருவதில்லை. நாலு பேர் தங்களைப் பார்க்க வேண்டும் என்று வருகிறார்கள். அதிலும் எங்கள் ஊர் சொல்தாக்களைக் கேட்கவே வேண்டாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் ஆண்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். இஸ்திரி போட்ட கோட்டு, கழுத்து இறுகும் டை, சாயம் பூசிய மீசை. கத்தரிக்காயைக்கூட சல்யூட் அடிக்கிற தோரணையில்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

இந்தக் கும்பலுக்கு ஒரு சங்கம் உண்டு, சங்கத்துக்கு ஒரு தலைவர் உண்டு. விழா நாட்களில் அந்த மனிதர் ரூ காய் தெருவில் நடந்து வந்தால் ஆளுக்கு முன்னால் பதக்கங்கள் வரும். சாப்பிடக் குனிந்தால் அவை ஒன்றோடொன்று இடிக்கும். சாம்பார் கொட்டிவிடாமல் ஒரு கையால் மார்பைப் பொத்திக்கொண்டு மறுகையால் இட்லி தின்பார். அதில் இரண்டு மூன்று கடையில் வாங்கியவை என்று ஊருக்கே தெரியும். அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கிற துணிச்சல் இல்லாதவர்களுக்குத்தான் அவர் தலைவர்.

ரூ லூயி-பிளாங்கில் டீக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “ஆமிக்காரரைக் கண்டு ஓடி வந்த ஆக்கள் அக்கா நாங்கள். இஞ்சை வந்து ஆமிக்காரருக்கே தேத்தண்ணி ஊத்துறம்.” சொல்லிவிட்டுத் தலைவருக்கு இன்னொரு வடை கொண்டுபோய் வைத்தார். வியாபாரம் வியாபாரம்தான்.

என் வீட்டுக்காரரும் சொல்தாதான். ஆனால் கரண்டி பிடித்த சொல்தா. பட்டாளத்துச் சமையற்காரர். எதிரியைச் சுட்டதில்லை, ஆட்டுக்கறியைச் சுட்டிருக்கிறார். கோட்டு போட மாட்டார், விழாவுக்குப் போக மாட்டார், இருக்கிற பதக்கங்கள் பாரிஸுக்கு வெளியே திரான்சியில் எங்கள் வீட்டுத் தையல் டப்பாவில் கிடக்கின்றன. அப்படிப்பட்டவர், இல்லாத ஒரு பதக்கத்துக்காக வருஷக்கணக்காகப் பட்டாளத்து ஆவண அலுவலகத்துக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டது ஆப்பிரிக்காவில், சாத் நாட்டில், பணி செய்தவர்களுக்குக் கொடுக்கும் பதக்கம். பதிவேட்டின்படி அவர் அங்கே காலே வைக்கவில்லை. அந்த மாதங்கள் முழுக்கப் பிரான்சின் தெற்கே ஒரு முகாமில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தது. அந்த மாதங்களில்தான் புதுச்சேரியில் எங்கள் முதல் பிள்ளை பிறந்தான். பிறந்த சில வாரத்தில் காய்ச்சல் கண்டு இறந்தும் போனான். முகாமுக்குத் தந்தி கொடுத்தோம். இவர் வரவில்லை. என் அப்பாதான் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு, குளித்த ஈரத்தோடு வந்து எனக்கு முகம் காட்டாமல் திரும்பி நின்றார்.

பிறகு ஒருநாள் இவர் வந்தார், கறுத்துப்போய், எலும்பும் தோலுமாக. ஆப்பிரிக்காவில் பாலைவனத்தில் இருந்தேன், தந்தி தாமதமாகக் கிடைத்தது, விமானம் இல்லை என்றார். நம்பினேன். பட்டாளத்தான் பெண்டாட்டிக்கு வேறு வழி என்ன? அதன்பின் என்னை இங்கே அழைத்துக்கொண்டார். இரண்டு பெண்கள் பிறந்தார்கள், தபால் பிரிக்கும் இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது, காலம் ஓடியது. இவருடைய பென்ஷன் சமயத்தில் சேவை விவரம் தபாலில் வந்தது. அதைப் பிரித்துப் படித்தவள் நான்தான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் வீட்டுக்காரர் கெட்டிக்காரரும் இல்லை, அவர் புளுகோ அத்தனை வருஷம் ஓடியிருந்தது. அந்தத் தாளை அவர் முன்னால் போட்டேன். பார்த்துவிட்டு, தப்பாக எழுதிவிட்டார்கள் என்றார். அந்த முகாமில் டெலிபோன் இருந்ததா, விமான நிலையத்துக்கு ரயில் இருந்ததா என்று கேட்டேன். அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், மருந்து எடுத்துக் கொடுத்தேன். மதிப்பு மட்டும் கொடுக்கவில்லை. பெற்ற பிள்ளை செத்ததற்கு வராமல், வராததை மறைக்க ஒரு கண்டத்தையே இழுத்துவந்து நடுவில் வைத்த ஆளை எப்படி மதிப்பது?

அவர் மனு எழுத ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சமையற்காரரின் பிரெஞ்சு எப்படி இருக்கும்? உப்பு ஒரு பக்கம், புளி ஒரு பக்கம். தெருவில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் நான், இவருடையதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் சொன்ன கதை இதுதான்: ஒரு படைப்பிரிவிலிருந்து இன்னொன்றுக்குச் சமையலுக்கு ஆள் பத்தாமல் அவரைக் கைமாற்றாக அனுப்பினார்கள், ஆள் ஆப்பிரிக்காவுக்குப் போனார், பெயர் முகாமிலேயே தங்கிவிட்டது. வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காத பக்கத்து வீட்டுக்காரி கதை மாதிரி இருந்தது எனக்கு.

அந்த அலுவலகத்தின் அழகைச் சொல்லாமல் விடக்கூடாது. பெரிய தாளில் சின்னதாக ஒரு பதில் வரும். தங்கள் தொசியே பரிசீலனையில் இருக்கிறது. தொசியே என்றால் கோப்பு. அந்தச் சொல்லைக் கேட்டாலே இந்த நாட்டில் எங்களுக்கெல்லாம் ரத்தக் கொதிப்பு ஏறும். போன வருஷம் அனுப்பிய அதே நகலை இந்த வருஷம் மறுபடி அனுப்பச் சொல்வார்கள். கையெழுத்துப் போடுகிறவர் மாறிக்கொண்டே இருப்பார், மரியாதை வாசகம் மட்டும் மாறாது. ஒரு நாட்டுக்காகச் சமைத்துப் போட்டவனை அந்த நாடு இத்தனை நாகரிகமாக எட்டி உதைப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இருந்தும், நடுவில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இல்லை என்று எழுதும்போதெல்லாம் நான் சொன்னது சரியென்று ஆனது.

கடைசியில் ஒரு கடிதம் வித்தியாசமாக வந்தது. கூடப் பணியாற்றிய ஒருவரின் சாட்சிக் கடிதம் இருந்தால் ஆராய்வோம் என்றது. இவர் படித்துவிட்டு அதை மேசைமேல் வைத்தார். அப்படி யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒரே ஒருத்தன் என்றார். யார் என்றேன். சங்கத் தலைவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தலைவர் இந்தப் பக்கம் வந்தால் என் வீட்டுக்காரர் அந்தப் பக்க நடைபாதைக்குப் போய்விடுவார். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். கடையில் வாங்கிய பதக்கத்தைக் கண்டு வரும் அருவருப்பு என்று நினைத்து, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இவரை மெச்சியிருக்கிறேன். போய்க் கேளுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். சரி, நான் போகிறேன் என்றேன். உதவி செய்யும் எண்ணமெல்லாம் இல்லை. பொய்யென்றால் பொய்யென்று ஒரேயடியாகத் தெரிந்து தொலையட்டும் என்றுதான் போனேன்.

தலைவர் டீக்கடையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எதுவும் கேட்கவில்லை. நான் கொண்டுபோன தாளில் எழுதி, மேசை நிறைய இடம் எடுத்துக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டார். கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். ஊரையே கூட்டிக் கையெழுத்துப் போடுகிற ஜென்மம் என்று நினைத்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. சாட்சி சொன்னவரும் அந்த நாட்டில் பணியாற்றியதாகப் பதிவு இல்லை, எனவே சாட்சியத்தை ஏற்க இயலாது என்று எழுதியிருந்தார்கள். இவர் படித்துவிட்டு மடித்து வைத்தார். நான் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போகும்போது எனக்கு இருந்த சந்தோஷம், சம்பந்தி வீட்டுக்காரர்களின் குட்டு வெளிப்பட்டால்கூட வந்திருக்காது. ஒரு பொய்யனுக்கு இன்னொரு பொய்யன் சாட்சி. இரண்டையும் ஒரே காகிதத்தில் பிடித்தாயிற்று.

டீக்கடையில் கூட்டமாக இருந்தது. கடிதத்தைத் தலைவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, நீங்கள் குத்திக்கொண்டு திரிகிற ஆப்பிரிக்கப் பதக்கம் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். வழக்கமாக என்னை மதாம் என்றுதான் கூப்பிடுவார். அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

“வாங்கினதுதான் அண்ணி,” என்றார். “நானும் ஒருதரம் எழுதிக் கேட்டேன். நீ அங்க போகவே இல்லைன்னு பதில் வந்துது. ரெண்டாந்தரம் கேக்க எனக்கு மானம் இடம் குடுக்கல. அதான் காசு குடுத்து வாங்கிக்கிட்டேன். உங்க வீட்டுக்காரருக்கு எப்படித்தான் இடம் குடுக்குதோ.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. இவரைப் போலவே அவரையும் கைமாற்றாக அனுப்பினார்களாம், அதே கூடாரத்துக்கு, பாத்திரம் கழுவ. தண்ணீர் லாரியோடுதான் தபாலும் வருமாம். பிரான்சு முகாமில் தேங்கியிருந்த தபால் எல்லாம் ஒருநாள் மொத்தமாக ஒரே பையில் வந்து சேர்ந்தது. என் கையெழுத்தைப் பார்த்து இவர் என் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தார். பையன் பிறந்திருக்கிறான், இன்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று நான் எழுதிய கடிதம். அடுப்படியில் இருந்தவர்களிடமெல்லாம் பெயரைச் சொல்லிச் சொல்லி, எல்லார் காப்பியிலும் இரண்டு பங்கு சர்க்கரை போட்டார். அதற்குப் பிறகு தந்தியைப் பிரித்தார்.

விமானம் கேட்டுப் போனாராம். இல்லை என்றார்களாம். அன்று சாயந்தரம் எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, தலைவரைக் கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கரண்டிக் காம்பால் மணலில் குழி தோண்டி, அந்தக் கடிதத்தை அதில் வைத்து மூடினார். ஏதாவது சொல்லேன் என்று கேட்டிருக்கிறார்.

“நான் சர்ச்சுக்காரன். எனக்குத் தெரிஞ்ச செபத்தைத்தான் சொன்னேன், உங்க ஆளுங்க முறை எனக்கு என்ன தெரியும்?” என்றார் தலைவர். “அதுக்கப்புறம் என் மூஞ்சியப் பாத்தா அவருக்கு அந்த எடம்தான் ஞாபகம் வரும். நானும் ஒதுங்கிட்டேன்.” பிறகு என் பிள்ளையின் பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயரை இங்கே யாருக்கும் தெரியாது. என் பெண்களுக்கே தெரியாது. என் அப்பா போனபின் அதை நான் யார் வாயாலும் கேட்டதில்லை. வடைத் தட்டுக்கு நேராக, சாயம் பூசிய மீசைக்குக் கீழிருந்து அது வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். கடிதம் அங்கேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்தபோது இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிரில் நின்றேன்.

“போதும் விடுங்க. நீங்க அங்கதான் இருந்தீங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

யார் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடினார்.

“நான் சொன்னேன். நீ காகிதத்தை நம்பினே,” என்றார். “இப்ப அவன் சொன்னான்னு நம்புறே. ஆபீசுக்காரன் கேட்டதையேதான் நீயும் கேட்டே.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மணலில் குழி தோண்டியதை என்னிடம் சொல்ல வாய் வரவில்லை, முகம் தெரியாதவனிடம் தகரத்துக்குக் கெஞ்ச மட்டும் வருஷக்கணக்காகக் கை வருகிறதா என்று கத்தினேன். அந்தத் தகரம் வந்தால்தான் என்ன கிழிந்துவிடும் என்று கேட்டேன். அவர் பேனாவை மனுவின்மேல் வைத்தார்.

“அது வந்ததும் உன்கிட்ட ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன். முன்னாடியே கேட்டா, வராதவனுக்கு எதுக்குன்னு சொல்லுவே.”

சொல்லியிருப்பேன்தான். அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பேன். கேளுங்கள் என்றேன்.

“பையன் யார் ஜாடை?”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

“மூக்கு உங்களுது. அதே சப்பை மூக்கு. காது ரெண்டும் எங்கப்பா மாதிரி.”

மேசையில் இருந்த தாளையெல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, “வேற?” என்றார்.