சத்தமில்லாமல் பெறுவது

இங்கே தாய்மார் கூடும் இடத்தில் பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்பே, "உங்கள் பர்த் ஸ்டோரி என்ன?" என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே நாங்கள் இருக்கும் சிற்றூரில், தேவாலய மண்டபத்தில் புதன்கிழமைதோறும் கைக்குழந்தைகளோடு பெண்கள் வந்து உட்காருகிறார்கள். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, எப்படிக் கத்தினேன், புருஷனை என்ன சொல்லித் திட்டினேன் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒருத்தி மட்டும், தனக்கு சிசேரியன் ஆனதைச் சொல்லும்போது அழுதாள். தன் உடம்பே தன்னைக் கைவிட்டுவிட்டது என்றாள். மற்றவர்கள் அவள் முதுகைத் தடவி, அது தோல்வி இல்லை என்று மாறி மாறிச் சொன்னார்கள். அவ்வளவு பேர் சொல்ல வேண்டியிருந்ததிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் மகள் நிரோஷாவின் முறை வந்தபோது அவள், "ஃபைன்" என்றாள். அவர்களும் அதை நம்பிவிட்டார்கள்.

நான் இலங்கையில், யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவள். இப்போது இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பின்னால் மகளும் மருமகனும் அதே வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கள் லயத்தில் ஆறு வீட்டுக்கும் ஒரே கூரை. இடைச்சுவர் கூரை வரை எட்டாது. ஒரு வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் கேட்கும். அதனால் வலி கண்ட பெண் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அப்படித்தான். குரல் எழும்பினால், கத்தாதே என்று சிங்களத்தில், "கேகஹன்ன எபா" என்று ஒரு அதட்டு விழும். சத்தம் போடாமல் பெற்றாள் என்பதுதான் எங்கள் பெண்களுக்குக் கிடைக்கும் ஒரே பட்டம்.

வயிற்றை வெட்டிப் பெற்றவளுக்கு அந்தப் பட்டமும் கிடையாது. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அப்படிப் பெற்று வந்தபோது, பீலியடியில் அத்தனை பெண்களும் தண்ணீருக்கு நிற்க, அவள் மாமியார் சொன்னாள்: "இவ எங்க பெத்தா? டாக்டரு எடுத்துக் குடுத்தாரு, இவ வாங்கிட்டு வந்தா." பாக்கியமும் விடவில்லை. "அடுத்த தடவ ஒங்க மகனப் பெக்கச் சொல்லுங்க அத்தே, நான் போயி வாங்கிட்டு வாறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு அவளால் மேடு ஏற முடியவில்லை. கங்காணி அவளைப் புல் வெட்ட அனுப்பினார். பிறகு அரைப் பேர்தான் விழுந்தது, அதாவது பாதி நாள் சம்பளம். அதே காலத்தில் பஜார் முதலாளியின் மகள் கொழும்பில் நெகத் பார்த்து, நல்ல நேரத்துக்கு வயிற்றைத் திறந்து பிள்ளை எடுத்தாள். அவளை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் வாளி தூக்க வேண்டியவள் இல்லையே.

நிரோஷாவுக்கு வலி வந்தது ஒரு பகல் பொழுதில். இங்கே உடனே ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. முதலில் போன் பண்ண வேண்டும். மிட்வைஃப் வலிக்காரியிடமே பேச்சுக் கொடுத்து, அந்தக் குரலை வைத்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று கணிக்கிறாள். பேச முடியாமல் கத்தினால்தான் நேரம் வந்துவிட்டது என்று கணக்கு. என் மகள் ஒரு கையால் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதடெல்லாம் வெளுத்துப்போய், பாடம் ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு கேள்விக்கும் அமைதியாகப் பதில் சொன்னாள். நான் போனை வாங்கி, அவளுக்கு மிகவும் வலிக்கிறது என்றேன். அம்மாக்கள் பயப்படுவது இயல்புதான், மகள் அழகாகச் சமாளிக்கிறாள், வெந்நீரில் குளிக்கச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் கனிவோடு சொன்னாள். மறுபடி அழைத்தபோதும் அதே கனிவு, அதே பதில்.

கடைசியில் நாங்களாகவே டாக்சி பிடித்துப் போனபோது, பிள்ளையின் இதயத்துடிப்பு அவ்வளவு சரியில்லை, சிசேரியன் செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். நிரோஷா மாட்டேன் என்று தலையசைத்தாள். வேண்டாம் என்றாள். நான் கெஞ்சினேன்.

"வேணாம்மா. வெட்டிப் பெத்தவன்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்க."

"யாரு இங்க வந்து சொல்லப் போறாங்க?"

"நாங்க அங்க போக மாட்டோமா?"

அவள் சொன்ன 'வேண்டாம்' இங்கே பெரிய மரியாதைக்குரிய சொல். இயற்கையாகப் பெற விரும்புகிறாள், அது அவளுடைய தேர்வு என்று மிட்வைஃப் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தேர்வு ரப்பர் மலையிலிருந்து வந்தது என்று என் ஆங்கிலத்தால் சொல்ல முடியவில்லை. பிறகு துடிப்பு விழுந்தது. ஆட்கள் ஓடி வந்தார்கள். வெட்டித்தான் எடுத்தார்கள். பேத்தி அழவில்லை. மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்று பிறகு சொன்னார்கள். அவள் உடம்பைக் குளிரவைத்து, குழாய்களோடு வைத்திருந்தார்கள். இப்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்ப்பாளா, நடப்பாளா என்று கேட்டால், பொறுத்துப் பார்ப்போம் என்கிறார்கள். அந்தப் பதிலில் இப்போது எனக்கு நம்பிக்கை இல்லை.

ஊரில் இருக்கும் சம்பந்தியம்மாவுக்கு மருமகன் பாதியைத்தான் சொன்னான். "வெட்டியா எடுத்தாங்க?" என்று அவர் போனில் என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். "சரி விடுங்க சம்பந்தி. அடுத்தத நல்லபடியாப் பெத்துக்கிருவா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். இந்தப் பிள்ளையைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. சொல்கிறேன் சொல்கிறேன் என்று மருமகன் நாளைக் கடத்துகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரில் சம்பந்தி வீட்டார் தொட்டில் போட்டார்கள். பிள்ளை இல்லாவிட்டால் என்ன, சாத்திரம் நடக்க வேண்டும் என்று, லயத்து வீட்டில் சேலையைக் கட்டி, வீடியோவில் எங்களை அழைத்து, பேத்தியின் முகம் தெரிந்த போனையே தொட்டிலுக்குள் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். பிறகு பெண்கள் கூடி நின்று பாடி ஆட்டினார்கள். இங்கே எங்கள் போன் திரையில் அந்த வீட்டுத் தகரக் கூரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. இடையிடையே குனிந்து பார்க்கும் முகங்கள். நிரோஷா போனைப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தாள்.

"எங்களப் பாக்குறாளா?" என்று சம்பந்தியம்மா தொட்டிலுக்குள் எட்டிக் கேட்டார்.

"பாக்குறா அத்தே" என்றாள் என் மகள்.

தகரக் கூரை ஆடிக்கொண்டே இருந்தது. பிள்ளையின் கண்கள் அதன் பின்னால் போகவில்லை.