அப்பாவின் பகல் தூக்கமும் விளக்கெண்ணெய்க் காரும்

எங்கள் வீட்டில் காலை எட்டு மணிக்கு மேல் குக்கர் விசில் அடிக்கக்கூடாது. வானொலி கூடாது, பாத்திரம் கழுவக்கூடாது, தும்மல் வந்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தும்ம வேண்டும். அப்பா சரக்கு ரயில் ஓட்டுநர். இரவு முழுவதும் கோலாலம்பூருக்கும் கிள்ளான் துறைமுகத்துக்குமாகப் போய்வந்துவிட்டு, விடிந்த பிறகு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து படுப்பார். அவர் படுத்துவிட்டால் எங்கள் வரிசையில் இருந்த ஆறு வீடுகளும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வருபவர்கூட எங்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் ஹாரனை அழுத்துவார். இத்தனை ஏற்பாட்டையும் அப்பா கேட்டாரா என்றால், கேட்கவில்லை. அவரையும் யாரும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு சுங்கை வேயில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பகல் வேலை. விடியற்காலை தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினால் மாலைதான் திரும்புவாள். ஆகவே பள்ளி விடுமுறைகளில் வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் தூங்குகிற அப்பா, இன்னொருத்தி பத்து வயதில் ஒரு இடத்தில் நில்லாத நான். வீட்டுக்குப் பின்னால் மழைநீர் ஓடும் பெரிய லோங்காங், அதற்கும் பின்னால் தண்டவாளம். முற்றத்தை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அதை நான் பெரும்பாலும் காப்பாற்றினேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

அப்படிப்பட்ட ஒரு வருடக் கடைசி விடுமுறையில்தான் மாமா அந்தக் காரைக் கொண்டுவந்தார். மாமா அம்மாவின் தம்பி; பண்டமாரானில் தனியாக இருந்துகொண்டு துறைமுகக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தார். கம்பெனியின் வருடாந்திர விருந்தில் நடந்த குலுக்கலில் அவருக்கு மூன்றாம் பரிசு விழுந்தது. முதல் பரிசு குளிர்சாதனப் பெட்டி, இரண்டாம் பரிசு தொலைக்காட்சி, மூன்றாம் பரிசு ரிமோட்டில் ஓடும் பகி கார். ஆறுதல் பரிசாக ரைஸ் குக்கர் வாங்கியவனைப் பார்த்துப் பார்த்து அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்று மாமா சொன்னார். கல்யாணமாகாத மனிதர், காரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? எனக்குக் கொடுத்துவிட்டார்.

அது சாதாரண விளையாட்டுக் கார் இல்லை. நடுவில் எலுமிச்சம்பழ அளவில் உண்மையான எஞ்சின். நைட்ரோ என்ற எண்ணெயை ஊற்றி, கயிற்றைச் சுண்டி இழுத்தால் உயிர் வரும். அந்த எண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும் என்று மாமா சொன்னார். சொல்லவே வேண்டாம். விடுமுறை தொடங்கியதும் வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றும் அதே வாடை, இப்போது புகையாக வந்தது. வாழ்க்கையில் விளக்கெண்ணெயால் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அந்தக் கார்தான்.

சத்தம்தான் கொஞ்சம் அதிகம். முதல் நாள் முற்றத்தில் கிளப்பியபோது கொசுவுக்குப் புகையடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து ஆறு வீட்டுக்காரர்களும் ஜன்னலைச் சாத்தினார்கள். ஒருவர் சோற்றுப் பானையை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். நான் பத்து நாள் விடாமல் ஓட்டினேன். அந்தப் பத்து நாளும் அப்பா ஒரு தடவைகூட எழுந்து வந்து திட்டவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

பக்கத்து வீட்டு அங்கிளால் பொறுக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். ரயில்வேயின் நேர அட்டவணை இன்னமும் தன் பொறுப்பில்தான் இருக்கிறது என்பது அவர் எண்ணம். வேலியோரம் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அப்பா பகல்ல நித்திரை கொள்ளாட்டி இரவு இருபத்தஞ்சு பெட்டி எங்க போய் நிக்கும் தெரியுமோ?"

எனக்குத் தெரியவில்லை. அவரே சொன்னார்.

"கடலுக்குள்ள."

இதே கேள்வியையும் இதே பதிலையும் மாலையில் அம்மாவிடமும் சொல்லிவைத்தார். அம்மா அன்றிரவே தீர்ப்பு எழுதிவிட்டாள். ஒன்று கார் சத்தமில்லாமல் ஓட வேண்டும், இல்லையென்றால் காஜாங்கில் இருக்கும் பெரியம்மா வீட்டுப் பையன்களுக்குப் போய்விட வேண்டும். அந்தப் பையன்களைப் பற்றிச் சொல்வதானால், அவர்கள் கையில் கிடைத்த சைக்கிளின் இரண்டு சக்கரங்களும் இன்றுவரை வேறு வேறு இடங்களில் கிடக்கின்றன. நான் அழுது, சாப்பிடாமல் இருந்து, அதுவும் பலிக்காமல் மாமாவுக்குப் போன் போட்டேன். மாமா ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார்.

"எலெக்ட்ரிக் ஆக்கிடலாம்க்கா. எஞ்சினைக் கழட்டிட்டு மோட்டார் வெச்சா முடிஞ்சது. அரை நாள் வேலை லா."

அரை நாள் வேலை இரண்டு ஞாயிறுகளைத் தின்றது. எஞ்சின், எண்ணெய்த் தொட்டி, புகைக்குழாய் எல்லாம் கழன்று ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போயின. மாமா மோட்டாரும் பேட்டரியும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பலகையும் வாங்கப் போன கடையில், சீனக் கடைக்காரர் இதற்குப் புது எலெக்ட்ரிக் காரே மலிவு என்று சொல்லிப் பார்த்தாராம். மாமா ரோஷக்காரர். எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டார் உட்காரவில்லை. அம்மாவின் பழைய இட்லித் தட்டை வெட்டித் தாங்கி செய்தார். அது மோட்டாரின் முறுக்குத் தாங்காமல் அப்பளமாக வளைந்தது. பிறகு தடித்த அலுமினியப் பட்டை வாங்கி, ஓட்டை போட்டு, மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தைக் காரின் பெரிய பல்சக்கரத்தோடு சேர்த்தார். இரண்டுக்கும் இடையில் ஒரு தாளின் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டுமாம். அதற்கு அவர் பையில் இருந்த ஒரே தாள் பரிசு விழாத நம்பர் சீட்டு. அதுவும் ஒரு காரியத்துக்கு உதவியது.

ஒயர்களைச் சோல்டர் பண்ணும் இடத்தில்தான் மாமா அகப்பட்டுக்கொண்டார். அவர் வைத்த ஈயம் ஒவ்வொன்றும் காக்கை எச்சம் மாதிரி விழுந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அப்புறம் துணியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"தள்ளு. இப்படி ஒரு ஜாயிண்ட் வெச்சேன்னா எங்க சூப்பர்வைசர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவா."

அம்மா தொழிற்சாலையில் என்ன வேலை செய்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாள் முழுவதும் பூதக்கண்ணாடிக்குக் கீழே மயிரிழை ஒயர்களை ஒட்டுகிற கை அது. கோலம் வைப்பதுபோல் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனாள். மாமா டார்ச் பிடிக்கிற வேலைக்கு இறக்கப்பட்டார். என் அம்மாவை நினைத்து எனக்கு அப்படி ஒரு கர்வம் வந்தது, ஐந்து நிமிடத்துக்குக் காரையே மறந்துவிட்டேன்.

முதல் ஓட்டத்தில் கார் பின்னால் போனது. முன்னால் போகும் விசையை அழுத்த அழுத்த வேகமாகப் பின்னால் வந்து மாமாவின் முழங்காலுக்குக் கீழே மோதியது. எஞ்சின் சுற்றும் திசை வேறு, மோட்டாரைத் திருப்பி வைத்ததால் இது சுற்றும் திசை வேறு. மாமா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அம்மா மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்களை மாற்றி ஒட்டினாள். கார் முன்னால் ஓடியது. உஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அங்கிள் வேலியோரம் நின்று காதில் கை வைத்துக் கேட்டுவிட்டு, திருப்தியாகத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை அப்பா வந்து படுத்ததும் காரை எடுத்தேன். சத்தமில்லாத காருக்கு முற்றம் எதற்கு என்று தோன்றியது. வேலி இடுக்கு வழியாக விட்டு, அங்கிள் வீட்டுக்குப் பின்னால் போய் ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அப்பாவின் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கைலியோடு, வெறுங்காலோடு ஓடிவந்தார். நான் காரை அணைத்துக்கொண்டு தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். எழுப்பிவிட்டதற்கு அடி விழும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா குனிந்து லோங்காங்குக்குள் பார்த்தார். தண்டவாளப் பக்கம் வேலிவரை ஓடினார். திரும்பி வந்து மறுபடியும் லோங்காங்குக்குள் பார்த்தார். கூப்பாடு கேட்டு அங்கிள் வெளியே வந்து, யார் என்று பார்க்காமல் உதட்டில் விரலை வைத்தார்.

"மெல்லக் கதையுங்கோ. அங்க மனுசன் நித்திரை கொள்ளுறார்."

"நான்தாங்க அந்த மனுசன்," என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதில் அகப்பட்டுக்கொண்டேன். அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. குனிந்து, என் கால் இரண்டும் நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். தூக்கம் கெட்டால் பெரியவர்கள் இப்படித்தான் ஏதாவது செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கவில்லை. அரை மணிக்கொரு தடவை எழுந்து ஜன்னலுக்கு வருவார், என்னைப் பார்ப்பார், போவார். அம்மா பதறிப்போனாள். அறை ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டாள். மாமா வந்து, உஸ் சத்தமும் கேட்கக்கூடாதென்று பல்சக்கரத்துக்கு கிரீஸ் தடவினார். அங்கிள் தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் மணியை நிறுத்தினார். கடைசியாக ஒரு ஞாயிறன்று அம்மா அப்பாவின் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துப் படுக்கவைத்தாள். அன்றைக்கு அவர் ஐந்து நிமிடத்துக்கொரு தடவை எழுந்தார்.

அம்மாவுக்கு வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை காலை அப்பா இடியாப்பத்தைப் பிட்டது பிட்டபடி தட்டுக்கு முன்னாலேயே தூங்கிவிட்டார். இதே கண்ணோடு இன்னொரு இரவு வேலைக்கு வந்தால் எஞ்சினை விட்டு இறக்கிவிடுவேன் என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. எஞ்சின் இல்லாத அப்பாவை எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு காரைக் காட்டினாள்.

"இது வந்துதான் தூக்கம் போச்சு. நாளைக்குத் தம்பி வந்து காஜாங்குக்கு எடுத்துட்டுப் போகட்டும்."

"அதுல சத்தமே இல்லையேம்மா," என்றேன். அழுகையில் பாதிதான் வெளியே வந்தது.

அப்பா எழுந்தார். சமையலறையிலிருந்து காலிப் பால் டின் ஒன்றை எடுத்தார். மாமாவின் ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து நான்கைந்து திருகாணிகளை அதற்குள் போட்டு வாயை நசுக்கி மூடினார். காரின் பின்பக்கம் கம்பியால் இறுக்கிக் கட்டி என் கையில் கொடுத்தார்.

"இப்ப ஓட்டும்மா. முன்னாடி முற்றத்துல, எனக்குக் கேக்கிற மாதிரி."

மாமாவின் இரண்டு ஞாயிறு, அம்மாவின் சோல்டர், அலுமினியப் பட்டை எல்லாம் சேர்ந்து உருவான என் அழகான கார், பின்னால் டின் கட்டிவிட்ட கல்யாணக் கார்போல் கடகடவென்று அடித்துக்கொண்டு ஓடியது. எனக்கு மானம் போயிற்று. அங்கிள் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு வேலிக்கு ஓடிவந்தார். அம்மா டின்னைப் பிய்க்கப் போனவள், அறைக்குள்ளிருந்து வந்த குறட்டையைக் கேட்டு அப்படியே நின்றாள். அன்று அப்பா சாயங்காலம் நான்கு மணிவரை தூங்கினார்.

"லோக்கோ எஞ்சின் சத்தத்துலயே இருந்து இருந்து மனுசனுக்குக் காது அப்படிப் பழகிடுச்சு," என்றாள் அம்மா. அங்கிள் ஒத்துக்கொண்டார். ரயில்வேயில் இதற்கு முன்னாலும் இரண்டு பேருக்கு அப்படி ஆனது என்றார். மறுநாள் வந்த மாமா, முதலிலேயே சொல்லியிருந்தால் எஞ்சினைக் கழற்றியிருக்கவே வேண்டாமே என்று அலுத்துக்கொண்டார். அப்பா சிரித்துவிட்டு, ஆமாம் காதுதான் என்று சொல்லிவிட்டார். கார் காஜாங் போகவில்லை, அப்பாவும் எஞ்சினை விட்டு இறங்கவில்லை.

ஆனால் என் சங்கடம் யாருக்குப் புரிந்தது? பேட்டரி இரவு முழுவதும் சார்ஜ் ஆனால் பதினைந்து நிமிடம் ஓடும். அது நின்றால் சிறிது நேரத்தில் ஜன்னலில் அப்பாவின் முகம் தெரியும். இந்த மனிதர் தூங்குவதற்காக நான் நாள் முழுவதும் கார் ஓட்ட வேண்டுமா என்று எனக்கு ஆத்திரமாக வரும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். டின்னை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, வாசல் படியில் உட்கார்ந்து, ஒரு கையில் கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மறுகையால் டின்னை ஆட்டிக்கொண்டிருப்பேன். அப்பா எழுந்திருக்கவே மாட்டார். கார் அலமாரிக்கு அடியில் கிடக்கும், உள்ளே குறட்டை கேட்கும். இவ்வளவு பெரிய ரயிலை ஓட்டுகிறவரை ஒரு பால் டின்னை வைத்து ஏமாற்றிவிட்டேன் என்று அந்த விடுமுறை முடியும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.