மதினி கூடுதலாக இருந்த நாட்கள்

மதினியைத் திருச்சி விமான நிலையத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், கொட்டாம்பட்டியைத் தாண்டி ஒரு கடையோரம் காரை நிறுத்தி டீ சொல்லியிருந்தேன். டம்ளர் கைக்கு வருவதற்குள் மதினியிடமிருந்து போன் வந்தது. விமானம் ஏறுமுன் சொல்லிக்கொள்ளக் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

"தம்பி, எங்க இருக்க? என்னை உள்ள விடல. திரும்பி வர முடியுமா?"

"யாரு விடல மதினி? என்னாச்சு?"

"விசா முடிஞ்சு ரெண்டு நாளாச்சாம்."

டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, குடிக்காமலேயே திருச்சிப் பக்கம் காரைத் திருப்பினேன். வழி முழுக்க நாட்களை எண்ணிக்கொண்டே போனேன். விராலிமலை வருவதற்குள் கணக்குப் புரிந்துவிட்டது. தப்பு என்னுடையது.

மதினி என் அப்பாவின் அக்கா மகள். அத்தை கல்யாணமாகி மலேசியாவுக்குப் போனவர். மதினி பிறந்தது, படித்தது, முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றது எல்லாம் அங்கேதான். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன என்று கேள்விப்பட்டதும், "நான் வந்து ஒரு மாசம் மாமாவப் பாத்துக்கிறேன்" என்று அவராகவே சொன்னார். டிக்கெட்டை நான்தான் போட்டேன். எந்தத் தேதியில் வந்து இறங்குகிறாரோ, அடுத்த மாதம் அதே தேதியில் திரும்ப வேண்டியது. விசாத் தாளில் ஒரு மாதம் என்று இல்லை, முப்பது நாள் என்றுதான் இருந்தது. அவர் வந்த மாதத்துக்கு முப்பத்தொரு நாள். வந்து இறங்கிய நாளையும் சேர்த்தால் முப்பத்திரண்டு. அந்தத் தாளை நான் இரண்டு முறை படித்திருந்தேன். படித்தும் கண்ணில் படவில்லை.

விமான நிலைய வாசலில் பெட்டி மேல் கை வைத்தபடி மதினி நின்றுகொண்டிருந்தார். அழுத அடையாளம் எதுவும் இல்லை. கூட நின்ற விமான நிறுவனப் பெண்தான் எனக்கு விளக்கினாள். வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, வெளியேற அனுமதி வாங்கி வர வேண்டும். அந்தத் தாள் இருந்தால்தான் குடியேற்ற அதிகாரி முத்திரை போடுவார்.

"எம்புட்டு நாளாகும்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது சார். சில பேருக்கு ரெண்டு மூணு நாள்ல வந்துருது. சில பேருக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆகுது."

மதினிக்கு அதுதான் கவலை. அவருடைய மகளுக்கு அங்கே பிரசவ நேரம் நெருங்கியிருந்தது. டாக்டர் சொன்ன நாளுக்குப் பத்து நாள்கூட இல்லை.

காரில் ஏறியதும், "மதினி, தேதியப் பாக்காம டிக்கெட் போட்டது நான்தான்" என்றேன்.

"பாஸ்போர்ட்டு என்னோடது தம்பி. நானும்தான் பாக்கல. நீ பசியாறினியா?"

சாப்பிட்டாயா என்பதை அங்கே அப்படித்தான் கேட்பார்கள். நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. மேலூரில் நிறுத்தி இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். அங்கிருந்தே அவர் மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் அவள் அழுதது எனக்கே கேட்டது.

ஆரப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. அன்று காலைதான் அப்பா மதினியின் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, விடாமல் அழுது, வழியனுப்பி வைத்திருந்தார். கதவைத் திறந்துகொண்டு மதினி உள்ளே நுழைந்ததும் கட்டிலில் இருந்தபடியே அப்படியே பார்த்தார். வாய் கோணிக்கொண்டு சிரிப்பு வந்தது. "வந்துட்டியா?" என்றார். பக்கவாதம் வந்த பிறகு அப்பா தெளிவாகச் சொன்ன சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. மதினி நைட்டிக்கு மாறிவந்து, எதுவும் நடக்காததுபோல, "எழுந்திரிங்க மாமா, இன்னிக்கி நடக்கவே இல்லையே" என்று தோளைக் கொடுத்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போனோம். பாஸ்போர்ட், விசா வேலையெல்லாம் பார்க்கிற இடம். கடைக்காரர் எல்லாத் தாள்களையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, இவங்க உங்க வீட்ல தங்கியிருக்காங்கன்னு ஆன்லைன்ல பதிஞ்சீங்களா?"

"எதுக்குப் பதியணும்?"

"வெளிநாட்டுக்காரவுக தங்குனா பதியணும்ணே."

மதினியை வெளிநாட்டுக்காரர் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததே இல்லை. அதையும் அப்போதுதான் பதிந்தோம். அடுத்து, அதிக நாள் தங்கியதற்கான காரணம் எழுத வேண்டிய இடம் வந்தது. கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உடம்பு சரியில்லாமப் போச்சுன்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட் வச்சுருங்கண்ணே. வேலை சுளுவா முடிஞ்சுரும். ஆள் இருக்கு, நானே வாங்கித் தாரேன்."

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் மதினி.

"உங்களுக்குத்தாம்மா."

"எனக்கு ஒண்ணும் இல்லையே. நாளைக்கு ஏர்போர்ட்ல என்ன வியாதின்னு கேட்டா நான் எந்த வியாதியச் சொல்றது?"

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மதினியை வெளியே கூட்டி வந்தேன். பஸ்கள் ஹாரன் அடித்துத் திரும்பும் அந்தச் சத்தத்தில் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மதினி, உங்களுக்கு இந்த ஊர் நடைமுறை தெரியாது. உண்மைய எழுதினா தூக்கி ஓரமா வச்சுருவாங்க. அங்க உங்க மக ஒத்தையில கிடக்கா. ஒரு தாள்தான? வச்சுட்டுப் போவமே."

"வார்டுல முப்பது வருசம் வேலை பாத்தவ தம்பி நான். லீவுக்காக இந்த மாதிரித் தாள் வாங்கிட்டு வர்றவங்கள எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இப்ப நானே போய் வாங்கவா?"

"இதுவும் அதுவும் ஒண்ணா?"

"நீ ஆபீஸ்ல இருக்கிற ஆள்தான. உன் மேசைக்கு ஒருத்தர் வந்து, 'நாங்க நாள தப்பா எண்ணிட்டோம், மன்னிச்சுக்குங்க'ன்னு சொன்னா என்ன செய்வ?"

நான் தாலுகா அலுவலகத்தில் சான்றிதழ் பிரிவில் வேலை பார்க்கிறவன். தேதி தாண்டிப்போன தாளோடு வருகிறவர்களை என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் தாண்டியிருந்தாலும், "புதுசா எழுதிக் குடுங்க" என்று தாளைத் திருப்பித் தள்ளிவிடுவேன். அவர்கள் ஏதோ சொல்ல வாயெடுப்பார்கள். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். மதினியிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியில் கடிதத்தை மதினியே எழுதினார். இங்கிலீஷில், ஏழெட்டு வரி. பக்கவாதம் வந்த தாய்மாமனைக் கவனிக்க வந்தேன். ஒரு மாதமும் முப்பது நாளும் ஒன்றென்று நினைத்து நானும் என் உறவினரும் டிக்கெட் போட்டுவிட்டோம். இரண்டு நாள் கூடுதலாகத் தங்கியது எங்கள் தவறு. விதிக்கிற அபராதத்தைக் கட்டிவிடுகிறேன். என் மகளுக்குப் பிரசவ நேரம் என்பதால் விரைவாக அனுமதி தாருங்கள். இவ்வளவுதான். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் அப்படியே ஏற்றி அனுப்பினார்.

அடுத்த நாள் ஒன்றும் வரவில்லை. ஆபீஸில் உட்கார்ந்தபடி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போனைப் பார்த்தேன். மதினி பார்க்கவில்லை. அப்பாவுக்குச் சோறு ஊட்டினார். கையை நீட்டி மடக்க வைத்தார். என் மனைவியோடு மார்க்கெட்டுக்குப் போய்ப் பேத்தியோ பேரனோ எதற்கும் பொருந்துகிற மாதிரி வெள்ளைத் துணி வாங்கி வந்தார். மகள் அழைத்தால் மட்டும் எழுந்து மாடிக்குப் போய்ப் பேசினார். இறங்கி வரும்போது கண் சிவந்திருக்கும்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் ஒரு கேள்வி வந்தது. அப்பாவின் சிகிச்சைத் தாளை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அது உண்மையான தாள். ஆஸ்பத்திரி கொடுத்தது வீட்டிலேயே இருந்தது. மதினி என்னைப் பார்த்தார். நான் போட்டோ எடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் அபராதம் கட்டச் சொல்லிச் செய்தி வந்தது. கட்டியதும் சாயங்காலத்துக்குள் அனுமதித் தாள் வந்துவிட்டது. குறிப்பிட்ட நாட்களுக்குள் வெளியேற வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. இந்த முறை நான் அதை என் மனைவியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். கிடைத்த முதல் விமானத்தில் டிக்கெட் போட்டோம்.

இரண்டாவது வழியனுப்பலில் அப்பா அழவில்லை. மதினி குனிந்து காலைத் தொட்டபோது தலையில் இடது கையை வைத்தார். அப்புறம் அவரே கட்டில் விளிம்பைப் பிடித்து எழ முயன்றார். மதினி தாங்கிக்கொள்ள, வாசல்வரைக்கும் நடந்தார். வாசலில் நின்று, "போ" என்றார். மதினி காரில் ஏறி, தெரு முனை திரும்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

விமான நிலையத்தில் இந்த முறை நான் கிளம்பவில்லை. உள்ளே போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"முத்திரை குத்திட்டாங்க தம்பி. ஆபீஸர் எல்லாத் தாளையும் நிதானமாப் படிச்சாரு. கடைசியில, 'உங்க மாமா இப்ப நடக்குறாரா?'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாசல் வரைக்கும் நடந்தாருன்னு சொன்னேன்."

விமானம் கிளம்பிவிட்டதைப் பலகையில் பார்த்த பிறகுதான் காரை எடுத்தேன். வீட்டுக்கு வந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால், திறந்திருந்த கதவையே பார்த்தார்.

"போயிட்டாளா?"

"போயிட்டாங்கப்பா."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்ப்பா. விமானம் கெளம்பிருச்சு."

அவர் நம்பவில்லை. பொழுது சாயும்வரை தெருவில் கார் சத்தம் கேட்கும் போதெல்லாம் வாசல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். மதினி போய் இறங்கி வீடியோ காலில் மகளோடு சேர்ந்து முகம் காட்டிய பிறகுதான், "சரி" என்று சொல்லிக் கட்டிலுக்குப் போனார்.