ராக்கொடி கொண்டுவந்த தையல்நாயகி அம்மாள்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, மஞ்சக்குப்பத்தில் என் பெண்கள் அலங்காரக் கடையில், ஒரு நிச்சயதார்த்தப் பெண்ணுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். சிதம்பரம் பஸ்ஸின் கண்டக்டர் படியேறி வந்தார். வாரத்துக்கு ஒருமுறை சிதம்பரத்திலிருந்து பொட்டலம் கொண்டுவந்து தருபவர். அன்று கையில் ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"சிதம்பரத்து அம்மா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்க. அவங்க வீட்டுக்காரரு பத்தர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து சொன்னாரு. ரங்கூன்காரம்மாகிட்ட, உங்ககிட்ட, நேர்ல சொல்லிடுங்கன்னாரு."

பூ கட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தாராம். அவ்வளவுதான்.

பாதிப் பின்னலில் ஒரு பெண்ணை எழுப்பி அனுப்ப முடியாது. மீதியையும் பின்னி முடித்தேன். நல்ல காரியத்துக்குப் போகிற பெண்ணிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் தலையில் கடைசியாக வைத்தது தையல்நாயகி அம்மாள் செய்த ராக்கொடி. அதைத் திருப்பிப் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் செருகினேன். பிறகு கடையைப் பூட்டிவிட்டு, அதே பஸ் சிதம்பரம் திரும்பும்போது ஏறிக்கொண்டேன். எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டேன்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. கடைசி ஐந்து ஆண்டுகள் நாங்கள் சேர்ந்து தொழில் செய்தோம். அவரை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. அறியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

ராணுவ ஆட்சி வந்து, பர்மாவை விட்டுத் தமிழர்கள் நாங்கள் கப்பலேறியபோது, நகை எதையும் கொண்டுபோகக் கூடாது என்று துறைமுகத்தில் வாங்கிக்கொண்டார்கள். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறும், பெட்டியில் கத்தரிக்கோல், சீப்பு, முடி சுருட்டும் கம்பிகளுமாகக் கணவரோடு கடலூருக்கு வந்தேன். ரங்கூனில் ஒரு சீனப் பெண்மணியிடம் தலை அலங்காரம் கற்றிருந்தேன். வேறு எதுவும் தெரியாததால் அதையே தொழிலாக வைத்தேன். "பொம்பளைக்கு எதுக்கு சலூன்?" என்று தெருவில் சிரித்தார்கள். அதிகாரிகள் வீட்டுப் பெண்கள் சிலர் வந்தார்கள். பிறகு கல்யாணப் பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

கடை திறந்த மூன்றாவது மாதம் ஒரு நண்பகலில், தையல்நாயகி அம்மாள் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். மெலிந்த உடம்பு, நல்ல உயரம், எண்ணெய் வைத்து இழுத்து முடிந்த தலை. கலெக்டர் ஆபீசில் கணவருக்காக மனுக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கணவர் சொக்கலிங்கப் பத்தர், சிதம்பரத்தில் பெயர் பெற்ற பொற்கொல்லர். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, பதினாலு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று ஆனதும், அவருடைய பட்டறைக்கு ஆள் வருவது நின்றுபோயிற்று. பதினாலு காரட்டில் செய்ய அவர் மறுத்துவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் ஊதுகுழலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

இவையெல்லாம் பின்னால் தெரிந்தவை. அன்று அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, நான் வேலை செய்வதைப் பார்த்தார். தலைமையாசிரியர் மனைவி ஒருவருக்குக் கொண்டை போட்டு முடித்து, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினேன். அந்த அம்மாள் வெகுநேரம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் போனதும் தையல்நாயகி அம்மாள் கேட்டார்: "வர்றவுங்க எல்லாருக்கும் இப்படிப் பின்னாடி காட்டுவியாம்மா?"

"ஆமாக்கா. கொண்டை எப்படி இருக்குன்னு பாக்கணும்ல?"

"நம்ம பின்தலைய நாம பாத்ததே இல்ல. நகைக்கடையிலயும் முன்னாடிதான் காட்டுறான்," என்றார். பிறகு பஸ்ஸுக்கு எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரமே அடுக்கு டிபன் கேரியர் ஒன்றுடன் வந்தார். மேல் தட்டில் தயிர்சாதம். கீழ்த் தட்டுகளில் பஞ்சு விரித்து, உச்சியில் வைக்கும் ராக்கொடி ஒன்று, பின்னலில் வரிசையாகக் கோக்கும் சடைவில்லைகள், ஒரு நெற்றிச்சுட்டி. எல்லாம் வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசி, சிவப்புக் கல் பதித்தவை.

பத்தரை எப்படி இணங்க வைத்தார் என்பதை அவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். முலாம் வேலை ஏமாற்று வேலை என்று பத்தர் கத்தினாராம். "முலாம்னு சொல்லி வித்தா அதுல ஏமாத்து எங்கேந்து வருது?" என்று இவர் கேட்டாராம். பிறகு அம்மாள் தாமே பட்டறையில் உட்கார்ந்து, வெள்ளித் தகட்டை வெட்டி, வில்லை என்ற பெயரில் எதையோ செய்தார். பத்தர் இரண்டு நாள் அதைப் பார்க்காததுபோல் இருந்தார். மூன்றாம் நாள், "இது என்னா, நசுங்கின மூக்குத்தி மாதிரி" என்று பிடுங்கிச் சரிசெய்ய உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை.

"வேலையில்லாம உக்காந்தவரை வேலையில உக்கார வெச்சேன். அதுக்கு என் வில்லை கோணலா இருந்தது நல்லதாப்போச்சு," என்பார்.

வடிவமும் அடித்தகடும் பத்தருடையவை. அரக்கு வைத்துக் கல் பதிப்பது, கொக்கி வைப்பது, நூலில் கோப்பது எல்லாம் அம்மாளின் கை. ஒரு வேலையில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வோர் உருப்படியின் பின்புறமும் 'வெள்ளி' என்று பத்தர் தம் கையால் வெட்ட வேண்டும். யார் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாலும் தெரிய வேண்டும்.

இவற்றை என் கடையில் விற்க, கண்ணாடிப் பெட்டி செய்து வாசலில் வைக்கலாம் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"பெட்டியில வெச்சா வெல கேப்பாங்க. கொண்டையில வெச்சு, கண்ணாடியக் காட்டு. வாயத் திறக்காத."

அப்படியே செய்தேன். அலங்காரம் முடிந்ததும் ஒரு ராக்கொடியை உச்சியில் செருகி, ஒன்றும் பேசாமல் காட்டுவேன். எடுத்துவிடவா என்று கேட்டால், பத்துப் பேரில் ஏழு பேர் "இருக்கட்டும்" என்பார்கள். கல்யாணத்துக்கு மட்டும் வாடகைக்குக் கேட்டவர்கள் பலர். அம்மாள் ஒப்பவில்லை. "சொந்தமா ஒண்ணு இருக்கட்டும், சின்னதா இருந்தாலும்," என்றார். அவர்களுக்காகவே சிறிய வில்லைகள் செய்துகொண்டு வந்தார்.

இரண்டாவது வருடத்தில் ஒரு சோதனை வந்தது. நெல்லிக்குப்பத்தில் கரும்பு பயிரிடுகிற ஒருவர், மகள் கல்யாணத்துக்கு முழுச் சடை அலங்காரமும் வாங்கிப்போனார். முலாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர் சம்பந்தியிடம் தங்கம் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீடு குறிஞ்சிப்பாடி. ஒரு மாதம் கழித்து, முலாம் என்று தெரியவந்ததும், அவர்கள் வீட்டு ஆண்கள் இருவர் என் கடைக்கு வந்து, போலி நகை விற்கிறவள் என்று தெருக் கேட்கச் சத்தம் போட்டார்கள். பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடப்போவதாகவும் சொன்னார்கள். அந்த வாரம் என் கடைக்கு யாரும் வரவில்லை.

அம்மாளுக்குக் கடிதம் எழுதினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து, "கிளம்பு, குறிஞ்சிப்பாடி போவோம்," என்றார்.

பஸ்ஸில் நான் சொன்னேன்: "அக்கா, பின்னாடி வெள்ளின்னு வெட்டியிருக்கு. அதைக் காட்டுனா போதும். நம்ம மேல தப்பில்லன்னு ஆயிடும்."

"நமக்கு ஆயிடும். அந்தப் பொண்ணுக்கு?" என்றார்.

அந்த வீட்டில் மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மருமகள் அடுப்படிக் கதவோரம் அழுது வீங்கிய முகத்துடன் நின்றாள். சுற்றிலும் உறவினர்கள். தையல்நாயகி அம்மாள், மாமியாரோடு தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார். என்ன தோன்றியதோ, அவரும் மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். மருமகள் அடுப்படிக்குள் போனாள்; நான் மட்டும் உடனிருந்தேன்.

அம்மாள் ராக்கொடியை வாங்கித் திருப்பி, பின்பக்க எழுத்தைக் காட்டினார். "வெள்ளின்னு போட்டுத்தான் செஞ்சோம். சொல்லித்தான் குடுத்தோம். பொண்ணப் பெத்தவரு கௌரவத்துக்கு ஒரு வார்த்த ஜாஸ்தி சொல்லிட்டாரு. அது தப்புதான். ஆனா இந்தப் பொண்ணு ஒங்ககிட்ட பொய் சொல்லுச்சா?"

மாமியார் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரரு முப்பது வருசம் தங்கத்துல வேல செஞ்சவரு. அதே கைதான் இதையும் செஞ்சுது. வேணாம்னா நான் இப்பவே எடுத்துட்டுப் போறேன், பணத்தத் திருப்பிக் குடுக்குறேன். பொண்ண மட்டும் அனுப்பாதீங்க. அவ தலையில இருந்ததுல கொற சொல்லலாம். அவகிட்ட என்ன கொற?"

மாமியார் ராக்கொடியைக் கையில் வாங்கி, அந்த எழுத்தை விரலால் தடவினார். "வேல நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, "காப்பி போடு, வந்தவுங்க வெயில்ல வந்திருக்காங்க," என்று மருமகளிடம் சொன்னார். அம்மாவீட்டுக்கு அனுப்புகிற பேச்சு அதோடு நின்றது.

அடுத்த தை மாதம் அந்த மாமியாரே தம் மகளை அழைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். மருமகளும் கூட வந்தாள். "வெள்ளின்னு பின்னாடி போட்டிருக்கணும், பாத்துக் குடு," என்று சற்று உரக்கவே கேட்டார். கடையில் இருந்த மற்றப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு மட்டும் நான்கு ராக்கொடிகள் போயின.

பிறகு சட்டம் தளர்ந்தது. பழையபடி தங்க வேலை செய்யலாம் என்று ஆனதும், பத்தரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அம்மாள் இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். உள்ளூர வருத்தமாகவும் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை வழக்கம்போல் வந்துசேர்ந்தார்.

"பத்தருக்குத்தான் வேலை வந்துடுச்சே, அக்கா?"

"அவரு தங்கம் அவருக்கு. இது என்னுது," என்றார்.

தகட்டு வேலையையும் அதற்குள் அவரே நன்றாகச் செய்யப் பழகியிருந்தார். வாரத்தில் ஒருநாள் பத்தர் இவருக்காக உட்கார வேண்டும் என்பது வீட்டில் ஏற்பாடு. சிதம்பரத்தில் பல்கலைக்கழகப் பக்கம் ஒரு மலையாளப் பெண்மணி தலை அலங்காரக் கடை திறந்தபோது, "அங்கயும் குடுக்கட்டுமா? ஒனக்கு மனசு கோணாதே?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். பிறகு புதுச்சேரியில் ஒரு கடையும் சேர்ந்தது; அதிலிருந்து எனக்கு வரும் பொட்டலத்தைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பத் தொடங்கினார். அங்கே முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளும் பெண்களுக்கு ராக்கொடி எப்படி நிற்கும் என்று ஒரு மாதம் யோசித்து, கடைசியில் சிறு பூ வைத்த கிளிப் செய்தார். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "பத்தருக்கு இது தோணல, பாத்தியா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியாக அவரைப் பார்த்தது சென்ற மாதம். அம்மாள் தம் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் போக வேண்டியிருந்தது. கடலூரில் துணி எடுக்க வந்த அவரும் பத்தரும் என் கடைக்கு வந்தார்கள். பத்தர் வெளியே நின்றுகொண்டார். அம்மாள் உள்ளே வந்து, சற்று நேரம் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு போட்டுவுடு. அழுத்திப் போடு, நாளை வரைக்கும் நிக்கணும்."

அதுவரை அவர் தலையை நான் தொட்டதில்லை. நரை கலந்த, அடர்ந்த, நீண்ட முடி. பெரிய கொண்டையாகவே போட்டேன். மல்லிகை சுற்றினேன். அவருடைய பையிலிருந்தே ஒரு ராக்கொடியை எடுத்து வைக்கப் போனபோது, "அது விக்கிறதும்மா," என்றார். கேட்காமல் அவர் உச்சியிலேயே வைத்துவிட்டேன். அம்மாள் சிரித்தார்.

வெளியே பத்தர் அவரைப் பார்த்தார். "வண்டிக்கு நேரமாச்சு," என்று மட்டும் சொல்லி, அவர் கையிலிருந்த பையைத் தாம் வாங்கிக்கொண்டார். எப்போதும் நான்கடி முன்னால் விரைந்து நடக்கிற மனிதர், அன்று அம்மாளை முன்னால் போகவிட்டுப் பின்னால் நடந்தார். கலெக்டர் ஆபீஸ் முனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாள் தலையை நிமிர்த்தி, அவசரமில்லாமல், வெயிலில் நடந்து போனார்.

அக்கா, அப்படியே நடந்து போங்கள். உங்கள் நடையில் ஒரு குறையும் இல்லை.