பத்தரைக்கு முன் ஒரு பீப்

எங்கள் மாமாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு கம்பனி வாசலில் காவல் வேலை. ஆனால் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்து இறங்கிவிட்டால், அந்தக் கம்பனியையே இவர்தான் கட்டி ஆள்வதுபோல இருக்கும் பேச்சு. அங்கே கழித்துப்போட்ட ஒரு கம்பியூட்டரை யட்டியாந்தோட்டை வரை பஸ்ஸிலும், அங்கிருந்து எங்கள் லயத்து வரிசை வீடு வரை ஓட்டோவிலும் கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்குப் பதினொரு வயதுப் பிள்ளையான நான் அவரைச் சாமியாகவே நினைத்தேன். அந்த முட்டாள்தனத்துக்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

அக்காவின் படிப்புக்கு என்று சொல்லித்தான் கொண்டுவந்தார். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் ஆறு மாதக் கம்பியூட்டர் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்து, நான்கு மாதம் முடித்திருந்தாள். கிடைத்த நேரமெல்லாம் அந்தப் பழைய பெட்டியின் முன்னால்தான் இருப்பாள். கூடவே ஒரு சின்னக் கமராவும் வந்திருந்தது. அது எதற்கு என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மாமாவின் கூட்டாளி ஒருவன் கட்டாரில் வேலை செய்தான், பெண் தேடிக்கொண்டிருந்தான். இன்டர்நெட்டில், அந்தக் கமரா வழியாக அக்காவைப் பார்த்துப் பேசுவானாம். பிடித்துப்போனால் அடுத்த லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போவானாம்.

"கோர்ஸ் முடியட்டும்மா. பரீட்ச எழுதிட்டா சென்டர்லயே வேல தர்றேன்னு சேர் சொல்லியிருக்காரு" என்றாள் அக்கா.

"கல்யாணம் கட்டிட்டும் படிக்கலாம். யாரு வேணாங்குறா" என்றாள் அம்மா. அப்பா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டுகிறார் தீட்டுகிறார், அப்படித் தீட்டுகிறார். நிமிர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? அக்கா இரண்டு தரம் சொன்னாள், மூன்று தரம் சொன்னாள், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். சம்மதித்துவிட்டாள் என்று எல்லோரும் முடிவு கட்டிக்கொண்டார்கள்.

கட்டாரில் வெள்ளிக்கிழமைதான் லீவு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். முதல்முதலாக முகம் பார்க்கிற காரியம், அதற்குள் நடந்தாக வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா புளத்கொகுபிட்டியவிலிருந்து நேரிலேயே வந்து பக்கத்தில் உட்காருவதாக ஏற்பாடு. அந்த அம்மா சகுனம் பார்ப்பதில் பொல்லாதவராம். இதற்கு முன்னால் ஒரு வீட்டில் இவர் படியேறும்போது கரண்ட் போனது என்பதற்காகவே அந்தப் பெண் வேண்டாம் என்று திரும்பிவிட்டாராம். இதை மாமாவே சிரித்துச் சிரித்துச் சொன்னார். அக்கா பக்கத்தில் நின்று அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூட விடுமுறை. விடிய முதலே மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, அதனால் லயத்தில் பாதிப்பேர் எங்கள் வீட்டு வாசலில். எட்டு மணிக்கு மாமா குளித்துப் பவுடர் பூசி, பெரிய டொக்டர் மாதிரி வந்து உட்கார்ந்து பட்டனை அழுத்தினார்.

பச்சை லைட் எரிந்தது. உள்ளே காற்றாடி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. பிறகு பெட்டி கத்தத் தொடங்கியது. நீளமாக ஒரு பீப், கொஞ்சம் நிறுத்தி இன்னொரு நீள பீப், திரும்பவும் ஒன்று. விடவேயில்லை.

மாமா அணைத்துப் போட்டார். கத்தியது. திரையின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். கத்தியது. வைரஸ் என்றார், கரண்ட் பத்தவில்லை என்றார், ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் சொருகினார். எதுவும் எடுபடவில்லை. இத்தனை பேர் முன்னால் மானம் போகிறது என்றதும் அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் கையெட்டும் தூரத்தில் நின்றேன்.

"இவதான். எந்த நேரமும் கேம், கேம்னு அதுலயே கெடப்பா. கெடுத்துப்புட்டா" என்று சொல்லி என் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு கொட்டு வைத்தார். நான் அதைத் தொட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. சத்தியம் செய்தேன். யார் கேட்டார்கள்? அம்மா தன் பங்குக்கு முதுகில் ஒன்று வைத்தாள். "ஒங்க அக்கா வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி உச்சுக் கொட்டினாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செய்த தப்புக்கு அடி வாங்கலாம், செய்யாததுக்கு எதற்கு வாங்க வேண்டும்?

அம்மா உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து வந்து கம்பியூட்டரை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. ஊர்க் கண்ணெல்லாம் பட்டிருக்கிறது என்றார்கள். கண்ணூறு கழித்த பிறகும் பெட்டி அதே சத்தத்தைத்தான் போட்டது.

ஒன்பதரைக்கு மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார், இரண்டு தரம் அந்தக் கத்தலைக் கேட்டார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மாமா அசடு வழிய, கொழும்புச் சிங்களம் கலந்து, "ஹரி, ஹரி, இந்தா இப்பச் சரியாயிரும்" என்றார்.

"அவசரப்பட வேணாம் தம்பி. பத்தர வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சரியாகலன்னா சாமி ஏதோ சொல்லுதுன்னுதான் நான் எடுத்துக்குவேன்" என்றார் அந்த அம்மா.

அக்காவின் கோர்ஸ் நோட்டில் பீப் சத்தங்களுக்கு ஒரு பக்கம் இருந்தது எனக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. உள் காம்பராவுக்கு ஓடினேன். அக்கா சேலை கட்டி, பூ வைத்து, கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒன் நோட்டு எங்க? சத்தத்த வச்சு என்ன கோளாறுன்னு பாத்துறலாம்ல."

"விட்டுரு பாப்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "பத்தர வரைக்கும் சும்மா இரு."

"ஒனக்கென்ன, நீ பூ வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க. அடி வாங்குனது நானு."

அவள் என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டு, அவள் பையிலிருந்து நோட்டை உருவிக்கொண்டு ஓடி வந்தேன்.

அக்காவின் கையெழுத்து அச்சடித்தமாதிரி இருக்கும். முன்பக்க லைட் எரியாவிட்டால் கரண்ட் வரவில்லை. லைட் எரிந்து, சின்னதாக ஒரே ஒரு பீப் கேட்டால் எல்லாம் சுகம். நீள பீப் ஒன்றும் சின்ன பீப் மூன்றும் என்றால் படம் காட்டுகிற கார்டில் கோளாறு. நீள பீப் விட்டு விட்டு, நிற்காமல் வந்தால் ரேம் சரியாக உட்காரவில்லை. இந்தச் சத்தத்தைத்தானே காலையிலிருந்து லயமே கேட்டுக்கொண்டிருக்கிறது! நேராகப் பெட்டியிடம் போனேன்.

"கைய வச்சன்னா முறிச்சுருவேன்" என்றார் மாமா.

அன்றைக்குத்தான் அப்பா வாயைத் திறந்தார். "விடு மச்சான். இனிமே கெடுறதுக்கு அதுல என்ன இருக்கு." திறக்க வேண்டிய நாளில் திறக்காத வாய், திறக்கக்கூடாத நாளில் திறந்தது.

வயரைக் கழற்றினேன். பெட்டியின் பக்க மூடியில் இருந்த ஸ்குரூ இரண்டும் கையாலேயே சுழன்று வந்தன. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். உள்ளே, நோட்டில் வரைந்திருந்தபடியே, கோடு போடுகிற அடிமட்டம்போல ஒரு பச்சைப் பட்டி, அதுதான் ரேம். அதன் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடிக்க வேண்டிய வெள்ளைக் கிளிப்புகள் இரண்டுமே வெளிப்பக்கம் சாய்ந்து திறந்து கிடந்தன. பட்டி கொஞ்சம் மேலெழும்பி நின்றது. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினேன். டக், டக்கென்று கிளிப்புகள் தாமாக வந்து கவ்விக்கொண்டன.

பட்டனை அழுத்தினேன். சின்னதாக ஒரே ஒரு பீப். பச்சை லைட்டுக்குப் பக்கத்தில் இவ்வளவு நேரமும் செத்துக் கிடந்த சிவப்பு லைட் படபடவென்று துடித்தது. திரை வெளுத்தது. மணி பத்து பத்து.

வாசலில் கைதட்டினார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார். "வெலகாத தடங்கலும் இந்தச் சின்னப் பிள்ள கையால வெலகிருச்சே. இத விட நல்ல சகுனம் வேறென்ன இருக்கு" என்றார். அக்காவைக் கூப்பிட்டு வந்து கமரா முன்னால் உட்கார வைத்தார்கள். பத்து இருபதுக்குக் கட்டாரிலிருந்து ஒரு முகம் வந்தது. பத்து இருபத்தைந்துக்குப் பிடித்திருக்கிறது என்றது. மாமா தானே திருத்தினவர்போலத் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கெடுக்கவில்லை என்று ஒரு வாய் சொல்ல வேண்டுமே, ஒருத்தராவது! மன்னிப்பெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவும் செய்தேன்.

மார்கழிக்கு முன்னால் கல்யாணம் முடிந்தது. பரீட்சைக்கு அக்கா போகவில்லை. இப்போது புளத்கொகுபிட்டியவில் இருக்கிறாள். அத்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறார். மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வாசல் கூட்டுகிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். கேட்கும்போது எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருக்கும்.

நான் பெல்மதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் படிப்பிக்கிறேன். எத்தனையோ பெட்டிகளைத் திறந்து மூடியிருக்கிறேன். ரேம் தூசியில் பிடிக்காமல் போவதைக் கண்டிருக்கிறேன், ஈரத்தில் பூஞ்சணம் பிடிப்பதையும் கண்டிருக்கிறேன். இரண்டு பக்கக் கிளிப்பும் தானாகத் திறந்துகொண்ட ஒரு பெட்டியைக்கூட இன்றுவரை கண்டதில்லை. அதை யாராவது விரல் வைத்து அழுத்தித்தான் திறக்க வேண்டும். எங்கள் லயத்தில் அன்று அது தெரிந்தவள் ஒருத்திதான்.

அன்று வந்தவர்கள் போன பிறகு, மழை விட்டிருந்தது. நானும் அக்காவும் தண்ணீர் விழும் பீலியடியில் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். அவள் இன்னும் சேலையைக்கூட மாற்றவில்லை. எனக்கு உச்சந்தலை வீங்கியிருந்தது.

"நான் கெடுக்கலன்னு ஒருத்தர்கூடச் சொல்லல பாத்தியா" என்றேன்.

"நீ கெடுக்கலன்னு எனக்குத் தெரியும் பாப்பா" என்றாள். "காலையிலயே தெரியும்."

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. தெரிந்துகொண்டா வாயை மூடிக்கொண்டிருந்தாள்? நான் அடி வாங்கும்போது உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டா இருந்தாள்? கழுவிய கோப்பையைக் கல்லில் நங்கென்று வைத்துவிட்டு, வாயில் வந்தபடியெல்லாம் அவளை ஏசினேன். அவள் அடுத்த கோப்பையை எடுத்துத் தண்ணீரில் பிடித்தாள். நான் அவளோடு மூன்று நாள் பேசவில்லை.