பென்சிலில் எழுதிய கோல்கீப்பர்

டேனியல் சார் ஒரு பெயரை மையில் எழுதினால் எழுதினதுதான். பிரின்சிபாலே வந்து சொன்னாலும் மாற்ற மாட்டார். பென்சிலில் எழுதினால் அது வேறு கதை. மங்கலத்துத் தறிக்காரர் ஆறுமுகசாமியின் மகன் கந்தவேல் மூன்று வருஷமாகப் பென்சிலிலேயே இருந்தான்.

திருப்பூரில் அந்தக் கல்லூரிக்கு டேனியல் சார்தான் விளையாட்டு வாத்தியார். நாசரேத் பக்கத்து மனுஷர். ஒவ்வொரு வருஷமும் முதல் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் பெரிய பழுப்புத் தாளில் கால்பந்து மைதானத்தை வரைந்து, பதினொரு இடத்திலும் இரண்டிரண்டு பெயர் எழுதி, விளையாட்டு அறைக் கதவில் ஒட்டிவிடுவார். மேலே இருக்கிற பெயர் மையில். அவன் ஆடுகிறவன். கீழே இருக்கிற பெயர் பென்சிலில். மேலே இருக்கிறவனுக்கு ஏதாவது ஆனால் ஆடுகிறவன். இந்தக் காலம் மாதிரி பாதி ஆட்டத்தில் ஆளை மாற்றுவதெல்லாம் அந்தப் பந்தயத்தில் கிடையாது. இறங்கின பதினொரு பேர்தான். ஒருத்தன் கால் ஒடிந்து போனால் மிச்சம் பத்துப் பேரோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். ஆகவே பென்சில் பேர்வழிகள் வெளியே உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுக்கலாம், மற்றவன் கழற்றிப் போட்ட சட்டைக்குக் காவல் இருக்கலாம்.

அறுபத்தொன்பதாம் வருஷத்துத் தாளிலும் கோல் கம்பத்துக்கு நடுவில் மையில் ஆத்தப்பன், கீழே பென்சிலில் கந்தவேல்.

"ஏல, மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காத. அவனுக்கு ஒண்ணுன்னா நீதான்ல நிக்கணும்" என்றார் டேனியல் சார்.

அவனுக்குத்தான் ஒன்றும் ஆகித் தொலைக்கவில்லையே! மூன்று வருஷத்தில் ஒரு காய்ச்சல் உண்டா, ஒரு சுளுக்கு உண்டா? வெள்ளகோவில் பக்கம் நாற்பது ஏக்கர், இரண்டு கிணறு, தயிரும் நெய்யும் தின்று வளர்ந்த உடம்பு. கந்தவேலுவைவிட ஒரு சாண் உயரம். கெட்டவனாகவாவது இருந்து தொலைத்தானா என்றால் அதுவும் இல்லை. ஊரிலிருந்து வருகிற முறுக்கையும் எள்ளுருண்டையையும் முதலில் கந்தவேலுவிடம்தான் நீட்டுவான். போன வருஷம் தன் பழைய பூட்ஸைத் துடைத்து, புது நாடா கோத்துக் கொடுத்தான். அந்த பூட்ஸின் நுனியில் காகிதம் திணித்துத்தான் கந்தவேல் போட்டுக்கொண்டான். வாங்கிக்கொள்கிறவனுக்குத்தான் தெரியும், வாங்குவதில் இருக்கிற கஷ்டம்.

இதெல்லாம் பழகிப்போன விஷயம்தான். அந்த வருஷம் மட்டும் பழக்கம் உதவவில்லை. கோயமுத்தூரில் ஒரு பெரிய மில்லுக்குச் சொந்தமாகக் கால்பந்து டீம் இருந்தது. அந்த டீமின் கோல்கீப்பர் வயதாகி நின்றுவிட்டார். மில்லின் லேபர் ஆபீசர், சனிக்கிழமை கோயமுத்தூரில் நடக்கும் முதல் பந்தயத்துக்குத் தானே வந்து பார்த்து ஆள் எடுக்கப்போகிறேன் என்று டேனியல் சாருக்குக் கடுதாசி போட்டிருந்தார். பெர்மனென்ட் வேலை. குடியிருக்க லைன் வீடு. பந்து பிடித்தால் போதும்.

கந்தவேலுவின் அப்பாவுக்கு நெஞ்சுச் சளி. தறிக் குழிக்குள் இறங்கினால் அரை மணி நேரம் இருமிவிட்டுத்தான் மிதியில் கால் வைப்பார். அவனுக்குக் கீழே மூன்று தங்கச்சிகள். படிப்பு முடிந்ததும் பனியன் கம்பெனியில் மாமாவுக்குக் கீழே கட்டிங் மேஜையில் நிற்பதாக ஏற்பாடு. மாமா பேசுகிற பேச்சுக்கு அந்த மேஜையில் மூன்று மாதம் தாக்குப்பிடித்தவன் கிடையாது. மில் வேலை கிடைத்தால் அப்பாவைத் தறியிலிருந்து எழுப்பிவிடலாம். கிடைக்காவிட்டால் அவர் குழியிலேயே கிடந்து சாக வேண்டியதுதான். கணக்கு அவ்வளவு நேராக இருந்தது.

ஆத்தப்பனுக்கு மில் வேலை எதற்கு? கேட்டால் சிரிப்பான். "கெடைச்சாப் போவோம், இல்லாட்டிக் காட்டுக்குத் தண்ணி கட்டுவோம்" என்பான். ஆசை இல்லாதவனுக்கு அள்ளிக் கொடுக்கிறது உலகம்! ஒரு நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, 'இந்த ஒரு ஆட்டத்தை எனக்கு விட்டுக்கொடுப்பா' என்று கேட்டுவிடலாமென்று கந்தவேல் வாயைத் திறந்தான். பூட்ஸ் வாங்கினது போதாதா என்று தோன்றிவிட்டது. "செயினு தளர்ந்து போச்சு" என்று எதையோ சொல்லி மழுப்பினான்.

திங்கட்கிழமை மத்தியானம் கல்லூரி வாசலில் தலைப்பாகைக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெயர் நஞ்சப்பன். ஆத்தப்பன் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். பருத்தி மண்டிக்கு வந்தவர்.

"ஏனுங் கண்ணு, ஆத்தப்பனைப் பாக்கோணுமுங்க."

"கிளாசுல இருக்கானுங்க. அவன் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமுங்க. நான் கந்தவேலுங்க, அவங்கூட வெளையாடறவன். என்னன்னு சொல்லுங்க."

நஞ்சப்பன் சூரியனை அண்ணாந்து பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலும்.

"அவங்கம்மா மாரக்காள் சொல்லியுட்டாங்க. மாரியம்மங்கோயல்ல திடீர்னு சாமிகிட்டப் பூக் கேட்டு, உத்தரவாயி, நேத்தே நோம்பிக்குப் பூச்சாட்டியாச்சு. அவுங்க ஊடு காப்புக் கட்டற ஊடு. சாட்டுனதுக்கப்பறம் அந்த ஊட்டு ஆம்பளை ஊரு எல்லைக்குள்ள கால் வெச்சா, கம்பம் புடுங்கி நோம்பி முடியற வரைக்கும் பதினஞ்சு நாளைக்குத் தாண்டப்படாது. வெளியூருல இருந்தவன் அங்கயே இருந்துட்டாக் குத்தமில்லீங்க. சனிக்கெழமை பந்தாட்டம் இருக்குதாமா. அதனால இந்த வாரம் ஊருப் பக்கமே வரவேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க. மறக்காமச் சொல்லிப்போடுங்க."

"சொல்லிப்போடறனுங்க" என்றான் கந்தவேல். அப்போது சொல்லத்தான் நினைத்தான். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தான்.

நினைப்பு சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை கல்லூரி விடுமுறை. விடுமுறை விட்டால் ஆத்தப்பன் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவான். அவனை யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை. பொய் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது ஒரு பாவமா என்று பயிற்சி முழுக்க யோசித்தான். பந்து இரண்டு தடவை மூக்கில் அடித்தது.

இருட்டுகிற நேரத்துக்கு இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்கள்.

"காலைல ஊருக்குப் போயிட்டுப் புதன்கெழமை வந்தர்றேன். உனக்கு என்ன வேணும்? அம்மா கிட்ட எள்ளுருண்டை உருட்டச் சொல்லட்டுமா?"

இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. 'நஞ்சப்பன் வந்தார், போகாதே.' நாக்கு நுனி வரைக்கும் வந்ததை அவன் விழுங்கினான்.

"ஒண்ணும் வேண்டாம்ப்பா. பத்தரமாப் போயிட்டு வா" என்றான்.

பத்திரமாகப் போய்விட்டு வர வேண்டுமாமே! இப்படியும் ஒரு மனுஷன் வாழ்த்துச் சொல்வானா? வீட்டுக்குப் போன பின் கந்தவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. "என்ற சாமி, ஒடம்புக்கு என்ன?" என்று அம்மா செல்லாத்தாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்து அறையில் அப்பா இருமினார். அந்த இருமலைக் கேட்டுத்தான் அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான். நான் எனக்காகவா செய்தேன்? அப்பாவுக்காக அல்லவா? அம்மன் பெயரால் வந்த சேதியை மறைத்திருக்கிறோமே என்று நினைத்தபோது மட்டும் அந்தத் தேறுதல் நிற்கவில்லை. எழுந்து போய் முருகன் படத்துக்கு முன்னால் நின்றான். என்ன கேட்பதென்று தெரியாமல் திரும்பி வந்து படுத்தான்.

புதன்கிழமை ஆத்தப்பன் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. டேனியல் சார் கல்லூரி கேட்டுக்கும் விளையாட்டு அறைக் கதவுக்கும் நடையாய் நடந்தார். "ஒங்கிட்ட ஏதும் சொன்னானால?" என்று கேட்டார். "இல்லீங்க சார்" என்றான். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தவன், முதல் பொய்யை அப்படித்தான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலைத் தபாலில் ஒரு கார்டு வந்தது. டேனியல் சார் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கார்டைக் கந்தவேலுவிடம் கொடுத்தார்.

'மதிப்பிற்குரிய சாருக்கு, எங்கள் ஊரில் நோன்பு சாட்டியிருக்கிறார்கள். தெரியாமல் வந்து எல்லைக்குள் அகப்பட்டுக்கொண்டேன். கையில் காப்பு ஏறிவிட்டது. இனி என்னால் வர முடியாது. என்னை மன்னிக்க வேண்டும். கந்தவேலுவைப் போடுங்கள். அவன் கை என் கையைவிட நல்ல கை. உயரம் மட்டும்தான் எனக்கு. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஆத்தப்பன்.'

கந்தவேல் கார்டைப் புரட்டி இரண்டு பக்கமும் பார்த்தான். நஞ்சப்பன் பேச்சே அதில் இல்லை. அப்படியானால் அவனுக்குத் தெரியவில்லை, தப்பித்தோம் என்று ஒரு கணம் மூச்சு வந்தது. மூச்சு வந்த அந்தக் கணத்துக்காகப் பின்னால் எத்தனையோ தடவை வெட்கப்பட்டான்.

"எனக்கு இந்தக் காப்பு, கம்பம் ஒண்ணும் வெளங்கல. ஆனா சாமி காரியம்ணா சாமி காரியம்தான்" என்று சொல்லி, டேனியல் சார் பேனாவைத் திறந்து, பென்சில் எழுத்தின் மேலேயே மையை ஓட்டினார். கந்தவேல் என்ற பெயர் பளபளவென்று ஈரமாக நின்றது. மூன்று வருஷம் அதைப் பார்ப்பதற்குத் தவம் கிடந்தவன், தலையைக் குனிந்துகொண்டு பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தான். பயத்தில் எடுக்கிறான் என்று மற்றவர்கள் முதுகில் தட்டினார்கள்.

சனிக்கிழமை ஆடினான். எப்படி ஆடினான் என்று கேட்கிறீர்களா? பேய் மாதிரி ஆடினான். எதிர்க் கட்சிக்காரன் கிட்டத்தில் வந்து உதைத்த பந்தை இரண்டு தடவை முகத்தைக் கொடுத்துத் தடுத்தான். கடைசி ஐந்து நிமிஷத்தில் எதிர்க் கட்சிக்குக் கிடைத்த பெனால்டியை இடது கையால் தட்டிவிட்டான். ஒரு கோல் வித்தியாசத்தில் கல்லூரி ஜெயித்தது. உதடு கிழிந்து ரத்தம் வழிய நின்றவனிடம் வெள்ளைப் பேன்ட் போட்ட லேபர் ஆபீசர் வந்து, "அப்பா என்ன செய்யறாருங்க தம்பி?" என்று கேட்டார். தறி என்றான். "இனி அவரை உக்கார வெச்சுச் சோறு போடுங்க. பரீட்சை முடிஞ்ச அடுத்த நாள் மில்லுக்கு வந்துருங்க. நாளைக்கே ஆர்டர் அனுப்பிச்சர்றேன்" என்றார்.

ஆறுமுகசாமி அன்று இருமலோடு சிரித்தார். தெருவில் போகிற வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "எம் மவன் கையால புடிச்ச வேலைங்க" என்றார். கந்தவேல் உள்ளே போய்ப் பாயை விரித்துப் பகலிலேயே படுத்துக்கொண்டான்.

மூன்றாம் வாரம் ஆத்தப்பன் வந்தான். கையில் மஞ்சள் கயிற்றின் தடம் இன்னும் வெளுக்கவில்லை. நேராக மைதானத்துக்கு வந்து, தண்ணீர்த் தொட்டி ஓரம் கந்தவேலுவின் பக்கத்தில் உட்கார்ந்தான். பெனால்டி எந்தப் பக்கம் வந்தது, எப்படி ஊகித்தாய் என்றெல்லாம் விசாரித்தான். கந்தவேல் சொன்னான். சொல்லச் சொல்ல, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அது காதுக்கே கேட்கிற மாதிரி இருந்தது அவனுக்கு.

பேச்சு தீர்ந்தது. ஆத்தப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே, "நஞ்சப்பண்ணன் திங்கக்கெழமையே வந்து உங்கிட்டச் சொன்னாராமா" என்றான்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல மூன்று வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தான் கந்தவேல். அது வரவில்லை.

"எப்பத் தெரியும்?" என்றான்.

"ஊட்டு வாசல்ல கால் வெச்சதுமே தெரியும். கந்தவேலு கிட்ட நஞ்சப்பண்ணன் சொல்லியுட்டது வந்து சேரலையான்னு அம்மாதான் மொதல்லக் கேட்டுது."

செவ்வாய்க்கிழமை தெரிந்திருக்கிறது. கார்டு எழுதினது அதற்குப் பிறகு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே ஊட்டுல போயி உக்காந்திருப்பனே. மில்லு வேலை எனக்கெதுக்குப்பா? பதினஞ்சு நாளா யோசன பண்ணிப் பாத்துட்டேன். எங்கிட்டக் கேக்கறதுக்கு உனக்கு என்ன தடைன்னு மட்டும் எனக்குப் புரியலை."

புரியாதுதான். கொடுத்தே பழகினவனுக்கு அது எப்படிப் புரியும்?

"கேட்டு வாங்குனா அது நீ குடுத்த வேலை ஆயிரும்" என்றான் கந்தவேல். "நானாப் புடிச்சதா இருக்கோணும்னு நெனைச்சேன்."

ஆத்தப்பன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி அவன் முகத்தைப் பார்த்தான்.

"இப்ப இது யாரு வேலை?" என்று கேட்டான்.

கந்தவேல் குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான். ஆத்தப்பன் மடித்துக் கட்டின வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து விடுதிப் பக்கம் போனான். டேனியல் சாரிடம் அவன் அதைச் சொல்லவே இல்லை. அந்த வருஷம் பந்தையும் தொடவில்லை.

சித்திரையில் கந்தவேல் மில்லில் சேர்ந்தான். எட்டு வருஷம் அந்த டீமுக்குக் கோல் பிடித்தான். ஆறுமுகசாமி தறிக் குழியை மூடி அதன்மேல் கட்டில் போட்டு உட்கார்ந்தார். இருமலும் குறைந்தது. யாராவது உறவு முறை வந்தால் போதும், "எம் மவன் கையால புடிச்ச வேலைங்க" என்று ஆரம்பித்துவிடுவார். அப்போதெல்லாம் கந்தவேல், சட்டையை மாட்டிக்கொண்டு, ஷிப்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தாலும், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.