வாசல் தாண்டாத ஆர்வோ

மார்லிஸ் டோர்கெல்சனுக்கு அலுவலகத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. முடிச்சுக்காரி. டுலூத்தில், ஏரியைப் பார்த்த சரிவில் நிற்கும் பழைய செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து மென்பொருளுக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதுகிறவள் அவள். அதற்கு முன் புரோகிராம் எழுதினாள். அதற்கும் முன் டூ ஹார்பர்ஸ் என்ற ஊரில் அப்பாவின் மீன்தூண்டில் கடையில் கல்லாவில் இருந்தாள். வக்கீல் இல்லை. வக்கீலாகாமலே இந்த வேலையைப் பார்க்க ஒரு பரீட்சை உண்டு, அதில் முதல் தடவையிலேயே தேறியவள். அவளாக அதைச் சொல்லிக்கொண்டதில்லை. பிறர் சொன்னால் மறுத்ததும் இல்லை.

முடிச்சு சமாசாரம் இதுதான். மென்பொருள்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்குவார்கள், பிறகு அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டு இன்னொன்று கேட்பார்கள். காப்புரிமை அலுவலகத்துப் பரிசோதகர், ஒரே சரக்குக்கு இரண்டு தடவை உரிமை கிடையாது என்று திருப்பி அனுப்புவார். இரட்டைக் காப்புரிமை மறுப்பு என்று அதற்குப் பெயர். தப்பிக்க இரண்டு வழி. புதியது பழையதிலிருந்து நிஜமாகவே வேறு என்று வாதாடலாம். அதற்கு மூளையும் பொறுமையும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கப் பத்திரம் ஒன்று கொடுத்துவிடலாம். புதியது பழையதோடு சேர்ந்தே காலாவதியாகும், இரண்டும் எப்போதும் ஒரே சொந்தக்காரர் கையில் இருக்கும், கை பிரிந்தால் புதியது செல்லாது என்று அதில் எழுதியிருக்கும். மார்லிஸ் காபி ஆறுவதற்குள் அந்தப் பத்திரத்தைப் போட்டு அனுப்பிவிடுவாள்.

"இன்னைக்கு எத்தனை ஜோடி?" என்று பக்கத்து அறை ட்வைட் கேட்பான். "கல்யாணம் பண்ணி வைக்கிற பாதிரிக்குக்கூட இவ்வளவு வேகம் கிடையாது."

"பாதிரி சேர்த்து வச்சது ரெண்டு வருஷத்துல பிரிஞ்சிடுது. என்னோடதே அப்படித்தான். நான் கட்டினது சாகிற வரைக்கும் பிரியாது."

கொஸ்கி விஷயத்திலும் அவள் கை பழக்கதோஷத்தில் ஓடிவிட்டது. ஆர்வோ கொஸ்கி, கேட்கிற வீடு என்று ஒன்றைச் செய்தவர். தரைக்கு அடியில் சின்னச் சின்ன மைக் வைத்து, காலடிச் சத்தத்தைக் கொண்டே எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று சமையலறைச் சுவரில் ஒரு பலகையில் பெயர் எழுதிக் காட்டும். முதல் காப்புரிமையை அவர் வேலை பார்த்த கம்பெனி வாங்கிக்கொண்டது. ஓய்வு பெற்ற சில மாதத்தில் தன் சொந்தச் செலவில் இரண்டாவதற்கு விண்ணப்பித்தார், மார்லிஸ்தான் எழுதிக் கொடுத்தாள். விண்ணப்பம் வரிசையில் நிற்கும்போதே, போன இலையுதிர் காலத்தில், தூக்கத்தில் போய்விட்டார். உரிமை மனைவி ஐரீனுக்கு வந்தது. பனி இறங்கியபின் மறுப்பும் வந்தது. இரண்டிலும் கண்டுபிடித்தவர் பெயர் ஆர்வோ கொஸ்கி என்பதை மட்டும் பார்த்துவிட்டு மார்லிஸ் பத்திரத்தைப் போட்டுவிட்டாள். ஒன்று கம்பெனியுடையது, மற்றது ஐரீனுடையது, கை ஏற்கெனவே பிரிந்துதான் இருக்கிறது என்பது அந்தத் தொழிலில் பழுத்த அவள் மண்டைக்கு உறைக்கவே இல்லை. இப்படி ஒரு முட்டாள்தனத்தைப் புதிதாக வந்த பிள்ளைகூடச் செய்யாது. அது பயந்து பயந்து எல்லாவற்றையும் பார்க்கும்.

கம்பெனிக்காரன் பார்த்துவிட்டான். பிரியமாகத்தான் எழுதியிருந்தான். தங்கள் பத்திரப்படி இரண்டும் ஒரே கையில் இருந்தால்தான் செல்லும், ஆகவே அம்மையார் எங்களுக்கே விற்றுவிடலாம், ஆர்வோ தன் வீட்டில் பொருத்திய மாதிரி இயந்திரத்தையும் கழற்றி எடுத்துக்கொள்கிறோம் என்று.

மார்லிஸ் ஐரீனுக்குப் போன் செய்து, தப்பு என்னுடையது என்று நேராகவே சொன்னாள். விற்றால் நல்ல விலை வரும் என்றும் சொன்னாள்.

"விலை இருக்கட்டும்," என்றாள் ஐரீன். "மெஷினை எடுக்கக் கூடாது. அதை எடுத்தா அவரை எடுத்த மாதிரி."

இந்த வயதில் யாரும் சொல்கிற பேச்சுதான் என்று மார்லிஸ் நினைத்துக்கொண்டாள். காப்புரிமை இன்னும் வெளிவராததால் பத்திரத்தைத் திரும்பப் பெற மனு போட இடமிருந்தது. போட்டாள், கிடைத்தது. இனி மிச்சமிருந்தது முதல் வழிதான். புதியது வேறு என்று பரிசோதகருக்குக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் ஐரீன் கம்பெனிக்கு விற்பதைத் தவிர வழியில்லை, பலகை சுவரை விட்டு இறங்கிவிடும். பரிசோதகரோடு வீடியோவில் பேச நேரம் வாங்கி, இயந்திரம் ஓடுவதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று ஐரீன் வீட்டிலிருந்தே பேச ஏற்பாடு செய்தாள்.

பிப்ரவரி மாதத்து மதியம். வானம் ஈயம் பூசிய மாதிரி இருந்தது. மார்லிஸ் அலுவலகத்துத் தட்டைச் செருப்போடு நடையில் ஏறி, உள்வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு சமையலறைக்கு வந்தாள். ஐரீன் காபி ஊற்றினாள், ஏலக்காய் ரொட்டியை அறுத்து வைத்தாள். மார்லிஸ் சுவரைப் பார்த்தாள். பலகையில் அறைவாரியாகப் பெயர்கள். சமையலறை: ஐரீன், விருந்தாளி. படுக்கையறை: ஆர்வோ.

"இது எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"அவர் போனதுலேர்ந்து," என்றாள் ஐரீன், சர்க்கரையை அவள் பக்கம் தள்ளியபடி. "ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. வந்தவங்க எல்லாம் நடந்து வந்து நடந்து போனாங்க. அவர் நடந்து போகலையே. மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

மார்லிஸ் படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அதோடு இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் அவளைப் பற்றிச் சொன்னதாகாது. தான் தேடிக்கொண்டிருந்த வித்தியாசம், தன் கையாலேயே எழுதியும் கவனிக்காதது, இதுதான் என்று அவளுக்குள் இருந்த புரோகிராமர் துள்ளினாள்.

வீடியோவில் வந்த பரிசோதகர் தெஸ்ஃபாயே, வர்ஜீனியாவில் தன் மேசையில் இருந்தார். மரியாதையான மனிதர், ஆனால் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை.

"மேடம், ரெண்டுமே காலடிச் சத்தத்தை வச்சு வீட்டுல யார் இருக்காங்கன்னு சொல்லுது. முதல் பேட்டண்டைப் படிச்ச எந்த புரோகிராமரும் ரெண்டாவதைத் தானாவே செய்வான்."

"செய்ய மாட்டான் சார். முதல்ல இருக்கறதுல, சத்தம் நின்னு கொஞ்ச நேரம் ஆனா பேரு அழிஞ்சிடும். வேணும்னேதான் அப்படி வச்சிருக்காங்க, இல்லாட்டி போன ஆளெல்லாம் பலகையிலயே நிப்பாங்களே. எவனும் மறக்கிற மாதிரிதான் எழுதுவான். இவர் மறக்காத மாதிரி எழுதினார். வெளியே போற காலடியைக் கேக்கிற வரைக்கும் ஆள் உள்ளதான்."

"அதனால என்ன லாபம்?"

"கீழ விழுந்து கிடக்கிறவர் சத்தம் போட மாட்டார் சார். பழைய மெஷின் அவர் வீட்டுலயே இல்லைன்னு சொல்லிடும்."

தெஸ்ஃபாயே குறித்துக்கொண்டார். பிறகு கண்ணைச் சுருக்கினார். "உங்க பின்னாடி பலகையில மூணு பேரு தெரியுது. நான் ரெண்டு பேரைத்தான் பார்க்கறேன்."

"மூணாவது என் வீட்டுக்காரர்," என்றாள் ஐரீன். "செத்துப்போயிட்டார்."

அவர் பதில் சொல்வதற்குள் அடுப்புப் பக்கத்துத் தரைப்பலகை ஒரு தடவை முனகியது. கனமான ஒருவர் கால் மாற்றி நிற்கும்போது எழும் முனகல். சுவரில் படுக்கையறை வரி காலியாயிற்று. சமையலறை: ஐரீன், விருந்தாளி, ஆர்வோ.

ஐரீன் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க யார் நடந்தது?" என்று தெஸ்ஃபாயே கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"யாரும் இல்லை சார். குளிருக்கு மரம் சுருங்குது." மார்லிஸ் பலகையைக் காட்டினாள். "யாரோடதுன்னு தெரியாத சத்தம் வந்தா, இன்னும் வெளியே போகாம இருக்கறவங்கள்ல அது யாருக்குப் பொருந்தும்னு பார்த்து அவர் கணக்குல எழுதும். இது அவருக்குப் பொருந்துது."

"முதல் பேட்டண்ட் இந்தச் சத்தத்தை என்ன பண்ணியிருக்கும்?"

"வெறும் இரைச்சல்னு தள்ளியிருக்கும்."

அவர் வெகுநேரம் எதையோ படித்தார். "இந்த ரெண்டு விஷயமும் உங்க விண்ணப்பத்துக்குள்ள எழுதியிருக்கு, ஆனா உரிமை கேக்கிற வரிகள்ல இல்லை. வரிகள்ல சேர்த்து அனுப்புங்க. மறுப்பை எடுத்துடறேன், பத்திரம் ஒண்ணும் வேண்டாம்." அணைக்கப் போனவர் நிறுத்தினார். "அம்மா, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"நாப்பது வருஷத்துக்கு மேல கூடவே இருந்தேன், அப்ப இல்லாத பயம் இப்ப எதுக்கு?" என்றாள் ஐரீன்.

மார்லிஸுக்கு அழுகை வந்தது. சந்தோஷமா, தப்பு திருந்தின நிம்மதியா, அடுப்புப் பக்கம் பார்க்க முடியாத பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை. ரொட்டியில் இன்னொரு துண்டைச் சாப்பிட்டாள்.

கிளம்புகிறேன் என்று சொன்ன பிறகு வாசலில் நின்று பேசுவதுதான் அந்த ஊரில் பாதி வருகை. வீதியில் வண்டி எங்கே நிறுத்தினாய், தங்கை எப்படி இருக்கிறாள், ஏரி உறைந்ததா என்று பேசிக்கொண்டே இருந்ததில் வெளியே மழை பெய்து விழுந்த இடத்திலேயே உறைந்துவிட்டது. படிகள் கண்ணாடியாக இருந்தன.

"அந்தச் செருப்போட இறங்கினா இடுப்பு போயிடும்," என்று சொல்லி ஐரீன் ஆர்வோவின் பூட்ஸை எடுத்து வந்தாள். அடியில் ஆணி வைத்தது. "போட்டுக்கோ. அப்புறம் கொண்டு வந்தா போதும்."

மார்லிஸ் மறுத்தாள், பிறகு போட்டுக்கொண்டாள். பெரிய பூட்ஸ். வருஷக்கணக்காக அவர் நடந்து நடந்து இடது பூட்ஸ் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைப் போட்டவர் யாராக இருந்தாலும் இடது காலை இழுத்துத்தான் நடக்க வேண்டும். செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு இழுத்து இழுத்து நடந்து வண்டிக்குப் போனாள்.

ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவும்போது போன் வந்தது.

"மார்லிஸ், நீ இன்னும் இங்கதான் இருக்கே," என்றாள் ஐரீன்.

"என்ன சொல்றீங்க?"

"பலகையில நீ இருக்கே. விருந்தாளின்னு. அவரைக் காணோம்." ஐரீன் அழவில்லை. அழுதிருந்தால் கேட்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ போன உடனே போயிட்டார். காபிகூட போட்டுப் பார்த்தேன். காபி வாசனைக்கு எப்பவும் சமையலறைக்கு வருவார்."

மார்லிஸ் ஈரக்கையோடு நடையில் கிடந்த பூட்ஸைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. இயந்திரம் கேட்டது ஆர்வோவின் கால் வெளியே போனதை. விருந்தாளி வெளியே போனதை அது கேட்கவே இல்லை.

"ஐரீன், அது ஒண்ணும் இல்லை. மெஷின்ல அவர் பேரைத் திரும்ப டைப் அடிச்சிடலாம், நான் சொல்றேன் எப்படின்னு."

"நான் டைப் அடிச்சா அது நான் எழுதின பேரு. அவர் வந்ததாகுமா?"

காலையில் வருகிறேன் என்றாள் மார்லிஸ். தனியாக வாழ்ந்து பழகியவள்தான், தன் வீட்டின் ஒவ்வொரு சத்தமும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு, ஊரின் மறுபக்கத்தில் ஒரு பலகை தன்னை அங்கே இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்க, இங்கே படுத்திருப்பது யார் என்று ஒரு கேள்வி வந்து போகாமல் நின்றது. பத்திரம் போட்டு எத்தனையோ ஜோடிகளைக் கட்டினவள், யாரையும் கேட்காமல் ஒருவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

விடிந்தபோது பனிக்கட்டி மேல் புதுப்பனி விழுந்திருந்தது. வண்டியைச் சரிவில் நிறுத்தி, பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். அவசரப்படவில்லை. இடது காலை இழுத்து, வலது காலை ஊன்றி, ஒரு கிழவர் தன் வீட்டுக்குத் திரும்புவதைப் போலப் படியேறினாள். ஐரீன் கதவைத் திறந்து வைத்திருந்தாள். மார்லிஸ் நடை முழுக்க நடந்து சமையலறை வாசலில் நின்றாள்.

ஐரீன் சுவரைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "வந்துட்டார்," என்றாள்.

மார்லிஸ் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரமாக, மூக்கு உள்பக்கம் பார்க்கும்படி வைத்தாள். பையிலிருந்த தன் செருப்பை மாட்டினாள். காபி குடிக்கிறாயா என்று ஐரீன் கேட்கவில்லை, இந்த ஊரில் கேட்காமல் விடுவது நடக்காத காரியம். வாசலில் நின்று பேசவும் இல்லை. மார்லிஸ் தன் காலடி நன்றாகக் கேட்கும்படி அழுத்தி நடந்து வெளியே போனாள். பின்னால் ஐரீன் பலகையில் இருப்பதை வாய்விட்டுப் படிப்பது கேட்டது. இரண்டு பேர்தான். மூன்றாவதாக விருந்தாளி இல்லை என்பதில் அவளுக்கு ஒரு பெரிய நிம்மதி வந்தது.

வண்டிக் கதவைத் திறந்தவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். புதுப்பனியில் இரண்டே வரிசைத் தடங்கள். ஒன்று ஆணி வைத்த பெரிய பூட்ஸ், இடது காலை இழுத்து இழுத்து வீட்டுக்குள் போயிருந்தது. மற்றது ஒரு பெண்ணின் செருப்பு, வெளியே வந்திருந்தது. உள்ளே போனவர் திரும்பி வந்ததற்குத் தடம் இல்லை.